விருந்தாளி வெள்ளி விட்டுப்போனது

1181 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6 ஆம் திகதி, தென்சீனத்தை ஆண்ட சொங் அரசின் வானக் கணியர்கள் வடக்கு வானத்தில் அதுவரை இல்லாத ஒரு வெள்ளியைக் கண்டு எழுதிவைத்தார்கள். அடுத்த நாள் யப்பானிலும் அதைக் கண்டார்கள். வடசீனத்தை ஆண்ட ஜின் அரசின் ஏட்டிலும் அது இருக்கிறது. 185 நாட்கள் ஒரே இடத்தில் நின்ற அந்த வெள்ளி அடுத்த வருஷம் பெப்ரவரியில் கண்ணுக்கு மறைந்துபோனது.

இப்படிச் சொல்லாமல் வந்து சொல்லாமல் போகிற வெள்ளிகளுக்குச் சீன ஏடுகளில் ‘விருந்தாளி வெள்ளி’ என்று பெயர். இந்த விருந்தாளி வந்து நின்ற உடுக்கூட்டத்துக்குச் சீனர்கள் வைத்திருந்த பெயர் ‘விருந்தினர் விடுதி’. நான் சோடிக்கவில்லை, உண்மையாகவே அதுதான் பெயர். இன்றைக்கு நாங்கள் காசியோப்பியா என்று சொல்கிற, ஆங்கில ‘டபிள்யூ’ எழுத்து மாதிரித் தெரிகிற உடுக்கூட்டத்தின் பக்கம் அது.

யப்பான் அந்த வருஷம் இருந்த நிலைமையையும் சொல்ல வேணும். தைரா, மினமோத்தோ என்ற இரண்டு குலங்களுக்கிடையில் 1180 இல் தொடங்கின யுத்தம் நடந்துகொண்டிருந்தது. தைராக்களின் தலைவர் கியோமோரி 1181 இன் முற்பகுதியில் செத்துப்போனார். ஊரெல்லாம் பஞ்சம். அந்த நேரத்தில் வானத்தில் புதுசாக ஒன்று தெரிந்தால் அதை அபசகுனமாகப் பார்க்காமல் வேறென்ன செய்வார்கள்? பிரபுக்கள் நாட்குறிப்பில் எழுதினார்கள். பிறகு தொகுக்கப்பட்ட வரலாற்று நூல்களிலும் அது ஏறியது. சீனத்தில் 3, யப்பானில் 5 என்று இன்றைக்கு 8 பதிவுகள் கையில் இருக்கின்றன. இதில் ஒருத்தரும் எங்களுக்கு விளங்குகிற அர்த்தத்தில் ‘விஞ்ஞானம்’ செய்யவில்லை. சிலர் பயத்தில் எழுதினார்கள், சிலர் கடமைக்கு எழுதினார்கள்.

நான் படிக்கிறது வரலாறு. ஒரு ஆவணத்தைக் கண்டால் முதலில் யார் எழுதினது, யாருக்காக எழுதினது எண்டு கேட்கச் சொல்லித்தான் எங்களைப் பழக்கியிருக்கினம். வானத்துப் படங்களுக்குள் நான் வந்து விழுந்ததும் அந்தக் கேள்வியால்தான். ஏனென்றால் அந்த 8 பதிவுகளுக்குரிய வெள்ளியின் மிச்சம் 2013 வரைக்கும் கிடைக்கவில்லை. அதைக் கண்டெடுத்தது ஒரு பெரிய வானாய்வகமும் இல்லை. வீட்டில் கணினிக்கு முன்னால் இருந்த ஒரு பொழுதுபோக்கு ஆர்வலர்.

முதலில் ‘மிச்சம்’ என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். சில விண்மீன்கள் சாகும்போது வெடித்துச் சாகின்றன. அதுதான் சுப்பர்நோவா. வெடித்த வெளிச்சம் மாதக்கணக்கில் நின்று மங்கிவிடும். ஆனால் வெடித்த பொருள் செக்கனுக்கு ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் வேகத்தில் நாலாபக்கமும் ஓடிக்கொண்டேயிருக்கும். அது சுற்றியிருக்கிற வாயுவில் போய் மோத, மோதின இடம் சூடாகி ஒளிரும். இதைத்தான் சுப்பர்நோவா எச்சம் என்கிறோம். வெடிப்பு சில மாசக் கதை. எச்சம் பல்லாயிரம் வருஷக் கதை.

1181 இன் எச்சம் எது என்ற கேள்விக்கு 1971 இல் றிச்சர்ட் ஸ்டீவன்சன் ஒரு பதில் சொன்னார். பழைய கீழைத்தேய ஏடுகளை வானியலோடு சேர்த்துப் படித்தவர் அவர். காசியோப்பியாப் பக்கம் ‘3சி 58’ என்று ஒரு எச்சம் இருக்கிறது, அதுதான் இது என்றார். முப்பது வருஷத்துக்கு மேல் பாடப்புத்தகங்களில் அப்படியே இருந்தது. ஆனால் 2002 இல் அதற்குள்ளே ஒரு துடிப்பு விண்மீனைக் கண்டுபிடித்தபோது கணக்குச் சரிவரவில்லை. அந்தத் துடிப்பு விண்மீன் சுழலும் வேகம் குறைந்துவருகிற முறையை வைத்துப் பார்த்தால் வயது 5,000 வருஷத்துக்கு மேல் போகிறது. எச்சம் விரிகிற வேகமும் அது இன்னும் பழையது என்றுதான் சொன்னது. அதாவது விருந்தினர் விடுதியில் வேறு யாரோ இருந்திருக்கிறார். எங்கட ஆள் அவரில்லை.

2013 இல் டேனா பட்சிக் என்ற அமெரிக்க ஆர்வலர், நாசாவின் ‘வைஸ்’ செய்மதி எடுத்த செந்நிறக்கீழ்ப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படங்கள் இணையத்தில் எல்லாருக்கும் இலவசம். அவருடைய வேலை செத்துக்கொண்டிருக்கிற விண்மீன்களைச் சுற்றியிருக்கிற வாயு வட்டங்களைத் தேடிப் பட்டியல் போடுவது. காசியோப்பியாவில் வட்டமான ஒரு மங்கல் பொட்டைக் கண்டார். பட்டியலில் அதற்கு ‘பிஏ 30’ என்று பெயர் விழுந்தது. ‘பிஏ’ அவருடைய பெயரின் முதல் இரண்டு எழுத்து. சாதாரண ஒளியில் எடுத்த படங்களில் அங்கே கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, நடுவில் ஒரு விண்மீன் மட்டும்.

பிறகு பெரிய தொலைநோக்கிகள் அந்தப் பக்கம் திரும்பின. 2019 இல் வந்த ஆய்வின்படி அந்த நடு விண்மீனின் மேற்பரப்பு 2 இலட்சம் பாகை சூடு. அதிலிருந்து செக்கனுக்கு 16,000 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசுகிறது. ஐதரசனும் இல்லை, ஈலியமும் இல்லை. இரண்டு வெண்குறளி விண்மீன்கள் ஒன்றோடொன்று மோதி, வெடித்தும் முழுசாக அழியாமல் மிஞ்சின பிணம் மாதிரி ஒன்று. 2021 இல் இன்னொரு குழு, சுற்றியிருக்கிற வாயு செக்கனுக்கு சுமார் 1,100 கிலோமீற்றர் வேகத்தில் விரிகிறது என்று அளந்து, வெடித்துக் கிட்டத்தட்ட ஆயிரம் வருஷம் ஆகியிருக்கும் என்றது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பின்னாக, காசியோப்பியாவில், ஏட்டில் இருக்கிற விருந்தாளி யார்? 1181 தான்.

2023 இல் றொபேர்ட் ஃபெசன் என்ற வானியலாளர் அரிசோனாவில் இருக்கிற 2.4 மீற்றர் தொலைநோக்கியால், கந்தகம் ஒளிர்கிற சிவப்பை மட்டும் விடுகிற வடிகட்டியைப் போட்டு அந்த இடத்தைப் படமெடுத்து வெளியிட்டார். ஒன்றுமில்லாத இடத்தில் நூற்றுக்கணக்கான மெல்லிய நேர்கோடுகள், நடுவிலிருந்து நாலாபக்கமும். கோயில் திருவிழாவில் வாணம் மேலே போய் வெடித்து விரிகிற அந்த ஒரு கணத்தை நிப்பாட்டி வைத்தமாதிரி. வேறெந்த எச்சமும் இப்படித் தெரிவதில்லை. அந்த ஆய்வுக் கட்டுரையில் மூன்று பெயர்கள். மூன்றாவது பெயர் பட்சிக்.

அந்த மூன்றாவது பெயரில் நான் கொஞ்ச நேரம் நிற்க விரும்புகிறேன். ஏனென்றால் இந்தத் துறையில் பெயர் போடுகிற பழக்கம் எப்போதும் இப்படி இருக்கவில்லை.

அன்னப்பட்சி உடுக்கூட்டத்தில் ‘வெயில்’ என்ற எச்சம் இருக்கிறது. முக்காடு என்று அர்த்தம். வில்லியம் ஹெர்ஷல் 1784 இல் அதன் துண்டுகளைக் கண்டார். அதில் ஒரு முக்கோணத் துண்டு கண்ணுக்குத் தப்பி, 1904 இல் ஹாவர்ட் வானாய்வகத்தின் கண்ணாடித் தகட்டுப் படம் ஒன்றில்தான் வெளிப்பட்டது. அதைக் கண்டவர் வில்லியமினா ஃபிளெமிங். ஸ்கொட்லாந்திலிருந்து அமெரிக்கா போய், கணவன் விட்டுப்போன பிறகு அந்த வானாய்வகப் பணிப்பாளரின் வீட்டில் வேலைக்காரியாகச் சேர்ந்தவர். பிறகு வானாய்வகத்தில் படத்தகடுகளை வாசிக்கிற பெண்களுக்குப் பொறுப்பாக வந்தார். அவர் கண்ட முக்கோணத்துக்கு என்ன பெயர் தெரியுமா? ‘பிக்கரிங்கின் முக்கோணம்’. பிக்கரிங் அந்தப் பணிப்பாளர். இப்போது சிலர் ஃபிளெமிங்கின் முக்கோணம் என்று எழுதத் தொடங்கியிருக்கிறார்கள், ஆனால் தேடிப் பார்த்தால் பழைய பெயர்தான் முன்னுக்கு வந்து நிற்கும்.

இனி எச்சங்களிலேயே பேர்போன நண்டு நெபுலாவுக்கு வருவோம். ஒரு வான்பொருளை ஏட்டோடு முடிச்சுப்போடுவது எவ்வளவு நீளமான வேலை என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை.

1054 யூலை 4 இல் சீனர்கள் இடப உடுக்கூட்டத்தில் ஒரு விருந்தாளியைக் கண்டார்கள். 23 நாட்கள் பகலிலேயே தெரிந்தது, இரவில் 1056 ஏப்ரல் வரை. அரசவைக் கணியர் யாங் வெய்-தெ என்பவர் அதை அரசருக்கு நல்ல சகுனம் என்று விளக்கி அறிக்கை கொடுத்தார். சம்பளம் கொடுக்கிறவருக்குப் பிடித்தமாதிரி விளக்கம் எழுதுவது அன்றைக்கும் இருந்திருக்கிறது. ஆனால் பாருங்கோ, விளக்கம் பொய்யாக இருந்தாலும் திகதி பொய்யில்லை. சகுனத்தை நாங்கள் கழித்துவிடலாம், நாட்கணக்கை வைத்துக்கொள்ளலாம்.

1731 இல் ஜோன் பெவிஸ் அந்த இடத்தில் ஒரு மங்கல் பொட்டைக் கண்டார். பெவிஸ் ஒரு வைத்தியர். வானம் அவருக்குப் பொழுதுபோக்கு. 1758 இல் வால்வெள்ளி தேடின சார்ல் மெசியே அதைத் திரும்பக் கண்டு, இது வால்வெள்ளி இல்லை, ஏமாறாதீர்கள் என்று சொல்வதற்காகப் பட்டியல் போடத் தொடங்கினார். அந்தப் பட்டியலின் முதலாம் இலக்கம் இதுதான். 1840 களில் அயர்லாந்தில் றோஸ் பிரபு தன் சொந்தத் தொலைநோக்கியில் பார்த்து வரைந்த படத்தில் கால்கள் முளைத்திருந்தன, அதிலிருந்து ‘நண்டு’. உண்மையான படத்தை வைத்துப் பார்த்தால் நண்டு மாதிரி இல்லவே இல்லை. கையால் வரைந்தது அவ்வளவுதான் நம்பலாம்.

படக்கருவி வந்த பிறகுதான் விசயம் மாறினது. 1909 இல் வில்ஸன் மலையில் றிச்சி என்பவர் ஒரு தகட்டில் நண்டைப் பிடித்தார். 1921 இல் அதே தொலைநோக்கியில் ஜோன் டங்கன் இன்னொரு தகடு எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பதினொன்றரை வருஷத்தில் நண்டின் இழைகள் வெளிப்பக்கம் நகர்ந்திருந்தன. அது விரிகிறது! அதே 1921 இல் சுவீடனின் க்னுட் லுண்ட்மார்க், பழைய சீன ஏடுகளில் இருந்து விருந்தாளி வெள்ளிகளைப் பட்டியலிட்டபோது 1054 இன் வெள்ளி இந்த நெபுலாவுக்குக் கிட்ட வருகிறது என்று ஒரு குறிப்பும் போட்டார். 1928 இல் எட்வின் ஹபிள் விரிகிற வேகத்தைப் பின்னோக்கிக் கணக்குப் பார்த்து, சுமார் 900 வருஷம் வருகிறது என்று எழுதினார். கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

யப்பான் பக்கத்துச் சாட்சி வந்த வழி இன்னும் அழகு. கவிஞர் ஃபுஜிவாரா நோ தெய்கா தன் நாட்குறிப்பை 18 வயதில் தொடங்கினவர். 1230 இல், கிட்டத்தட்ட 68 வயதில், வானத்தில் ஒரு புது வெள்ளியைக் கண்டார். (அது வால்வெள்ளி என்கிறார்கள்.) பயந்துபோய், முந்தி இப்படி எப்பெப்ப வந்தது என்று அரசவைக் கணியர் குடும்பத்திடம் கேட்டு, வந்த பட்டியலை நாட்குறிப்போடு சேர்த்துக்கொண்டார். 1006, 1054, 1181 மூன்றும் அதில் இருக்கின்றன. 1054 அவர் பிறக்கிறதுக்கே 108 வருஷம் முந்தி. கவிதையால் பெயரெடுத்த ஒரு மனிசன், ஒரு வால்வெள்ளிக்குப் பயந்ததால் மூன்று சுப்பர்நோவாக்களுக்குச் சாட்சி ஆகிவிட்டார். அந்த நாட்குறிப்பு இன்றைக்கும் கியோத்தோவில் அவருடைய வழித்தோன்றல்களான றெய்செய் குடும்பத்திடம் இருக்கிறது.

அதை மேற்குலகத்துக்குச் சொன்னவர் யசுவாக்கி இபா, கோபே நகரத்தில் வணிகம் செய்துகொண்டு வானத்தையும் பார்த்த ஆர்வலர். 1934 இல் ஒரு அமெரிக்க வானியல் சஞ்சிகைக்கு ஆங்கிலத்தில் எழுதினார். லெய்டனில் இருந்த யான் ஊர்ட்டுக்கு இது கிடைத்தபோது அவர் தன் பல்கலைக்கழகத்தின் சீனமொழிப் பேராசிரியர் டாய்வென்டக்கைப் பிடித்துச் சீன ஏடுகளைத் தேடச் சொன்னார். 1942 இல் இரண்டு பாகமாகக் கட்டுரை வந்தது: முதல் பாகம் டாய்வென்டக்கின் ஏட்டு மொழிபெயர்ப்பு, இரண்டாம் பாகம் அமெரிக்காவில் இருந்த மேயோலும் ஊர்ட்டும் சேர்ந்து எழுதின வானியல். அந்த நேரம் நெதர்லாந்து ஜேர்மனிய நாசிகளின் கையில். யூதப் பேராசிரியர்களை நீக்கினதை எதிர்த்ததற்காக லெய்டன் பல்கலைக்கழகத்தை 1940 நவம்பரிலேயே மூடிவிட்டார்கள். மூடின பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு ஒரு கலைப்பீடத்துக்காரர் 900 வருஷத்துக்கு முந்தின வெள்ளியின் திகதியைச் சரிபார்த்திருக்கிறார். ‘ஆர்ட்ஸ் படிச்சு என்ன செய்யப் போறாய்’ எண்டு கேட்கிற ஆக்களுக்கு நான் வைத்திருக்கிற பதில் இது.

ஒரு சிக்கலும் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. சீன ஏடு அந்த வெள்ளி ‘தியென்குவான்’ என்ற விண்மீனுக்குத் தென்கிழக்கில் நின்றது என்கிறது. நண்டு இருப்பது அதற்கு வடமேற்கில். படியெடுத்தவர் மாற்றி எழுதினாரா, சொல்லின் பொருள் வேறா என்று இன்றைக்கும் விவாதிக்கிறார்கள். நண்டுதான் 1054 என்பதில் இப்போது யாருக்கும் சந்தேகமில்லை, ஆனால் அந்த ஒரு சொல் அப்படியே முள்ளாக நிற்கிறது. எந்த மூல ஆவணத்திலும் இப்படி ஒரு முள் இருக்கும்.

இனி இன்றைக்கு முற்றத்தில் கமரா வைத்துப் படமெடுக்கிற ஆக்களிடம் வருவோம்.

எச்சங்களைப் படமெடுப்பதில் உள்ள கஷ்டம், அவை சின்னதாக இருப்பதில்லை, பெரிதாகவும் மங்கலாகவும் இருப்பதுதான். இடப உடுக்கூட்டத்தின் ஓரத்தில் ‘சிமெயிஸ் 147’ என்று ஒன்று. 1952 இல் கிரிமியாவின் சிமெயிஸ் வானாய்வகத்தில் கிரிகோரி ஷைனும் வேரா காசேயும் படத்தில் பிடித்தது. மூன்று பாகை அகலம். அதாவது ஆறு முழுநிலவைப் பக்கம் பக்கமாக அடுக்கின அளவு. தெற்கே இருக்கிற வேலா எச்சம் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். இவ்வளவு பெரிய பொருளை வைத்துக்கொண்டும் எங்கட கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பெரிய தொலைநோக்கிகள் வானத்தின் ஊசிமுனை அளவைத்தான் ஒரு தடவையில் பார்க்கும். அவற்றில் ஒரு இரவு கிடைப்பதற்கு விண்ணப்பம் எழுதி, போட்டி போட்டு, மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மங்கலான ஒரு மூலையை ‘ஏதும் இருக்குமோ’ எண்டு ஐம்பது மணித்தியாலம் பார்க்க யாரும் நேரம் தரமாட்டார்கள்.

முற்றத்து ஆளுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. நாலு அங்குல வில்லை, குளிரூட்டின கமரா, வானம் திரும்பத் தானும் திரும்புகிற தாங்கி. ஒவ்வொரு படமும் ஐந்து நிமிஷம் பத்து நிமிஷம் என்று நூற்றுக்கணக்கில் எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி சராசரி பார்ப்பார்கள். தற்செயலான இரைச்சல் ஒன்றையொன்று வெட்டிப்போகும், உண்மையில் இருக்கிறது மட்டும் மெல்ல மெல்ல மேலே வரும். பெரிய காரியம் வடிகட்டிதான். ஐதரசன் 656.3 நனோமீற்றரில் ஒளிரும், இரண்டு இலத்திரன் இழந்த ஒட்சிசன் 500.7 இல், கந்தகம் 672 ஐ ஒட்டி இரண்டு கோட்டில். அந்தந்தக் கோட்டைச் சுற்றி மூன்று நனோமீற்றரை மட்டும் விட்டு மிச்ச வெளிச்சத்தை எல்லாம் மறித்துவிட்டால், நகரத்து வெளிச்சத்துக்குள் இருந்துகொண்டே எச்சத்தைப் பிடிக்கலாம். 2022 இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்த இரவுகளில்தான் என் வயசுக்காரர் பலர் வானத்தை ஒழுங்காகப் பார்த்தோம். இவர்கள் ஊருக்குக் கரண்ட் இருக்கும்போதே அந்த இருட்டை ஒரு கண்ணாடித் துண்டால் உண்டாக்கிக்கொள்கிறார்கள்.

இந்த மூன்று நிறமும் வெறும் வடிவுக்கில்லை. ஒரு வாயு முகில் பக்கத்து விண்மீனின் வெளிச்சத்தால் ஒளிர்கிறதா, வெடிப்பின் அதிர்ச்சி அலையால் ஒளிர்கிறதா என்று சொல்வதற்குக் கந்தகத்தை ஐதரசனோடு ஒப்பிடுவார்கள். கந்தகம் ஐதரசனின் 0.4 பங்குக்கு மேல் இருந்தால் அதிர்ச்சி அலை என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஆகவே ‘சும்மா வடிவான படம்’ என்று நாங்கள் தட்டிவிட்டுப் போகிற ஒன்றில் அளவீடு இருக்கிறது.

ஜேர்மனியின் மார்செல் ட்ரெக்ஸ்லரும் பிரான்சின் க்ஸேவியே ஸ்த்ரொட்னரும் பழைய வானப் படத்தொகுப்புகளைத் துழாவி, சந்தேகமான மங்கல்களைக் குறித்துக்கொண்டு, பிறகு உலகத்தின் வேறு வேறு மூலைகளில் இருக்கிற ஆர்வலர்களைக் கொண்டு படமெடுப்பிக்கிறார்கள். 2022 இல் யான் சென்ரி எடுத்த படங்களில், ஆயிரக்கணக்கானவர்கள் படமெடுத்துத் தேய்ந்துபோன அன்ட்ரொமீடாப் பேரடைக்குப் பக்கத்திலேயே, ஒன்றரைப் பாகை நீளத்தில் ஒட்சிசன் வில் ஒன்று வெளிவந்தது. (அது என்ன, எவ்வளவு தூரத்தில் என்பதில் இன்னும் சண்டை.) 2024 இல் ஃபெசன், இப்படியான ஆர்வலர்களோடு சேர்ந்து ஒரு நீளக் கட்டுரை வெளியிட்டார்: ஏற்கெனவே அறிந்த 9 எச்சங்களின் ஆழமான படங்கள், புதிதாக 3 எச்சங்கள். ஆசிரியர் வரிசையில் ஆர்வலர்களின் பெயர்கள். பிக்கரிங் காலத்தோடு ஒப்பிட்டால் இது சின்ன விசயமில்லை.

ஆனால் இதைப் பாட்டாளியின் வெற்றி மாதிரிப் பாடவும் எனக்கு மனமில்லை. நல்ல வில்லையும் கமராவும் தாங்கியும் சேர்ந்தால் ஆயிரக்கணக்கான டொலர். படக்காரரில் பெரும்பாலானவர்கள் பணக்கார நாடுகளில் இருக்கிறார்கள், வேலியால் ‘தொழில்முறை’யைத் தாண்டினாலும் காசு என்ற வேலி அப்படியே நிற்கிறது. பட்சிக்கின் கதை அதனால்தான் எனக்குப் பிடித்தது. பிஏ 30 ஐக் காண அவருக்குத் தேவைப்பட்டது திறந்துவிடப்பட்ட ஒரு படக்களஞ்சியமும் பொறுமையும் தான். வைஸ் படங்கள் இன்றைக்கும் இலவசம். இஞ்ச இருந்தும் பார்க்கலாம்.

இன்னொரு கவலை, இது முழுக்க என் பாடத்துக் கவலை. இணையத்தில் பரிசு வாங்குகிற எச்சப் படங்கள் எல்லாம் கடைசி வடிவம். விண்மீன்களை மென்பொருளால் அழித்திருப்பார்கள், இழைகளைக் கூராக்கியிருப்பார்கள், இரைச்சலைச் செயற்கை நுண்ணறிவு துடைத்திருக்கும். அந்த மென்பொருள் ஒரு இழையைக் கூராக்கினதா அல்லது இழை இருக்கவேண்டும் என்று தானே ஊகித்துப் போட்டதா? கடைசிப் படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல ஏலாது. தென்கிழக்கையும் வடமேற்கையும் மாற்றியெழுதின படியாள் மாதிரி ஒரு ஆள் உள்ளே இருந்து வேலை செய்திருக்கலாம். றோஸ் பிரபுவுக்கு நண்டுக்கால் தெரிந்ததும் அப்படித்தானே.

மூல ஆவணம் என்பது கமராவிலிருந்து வந்த கைபடாத அந்த நூற்றுக்கணக்கான படங்கள். ஒவ்வொன்றிலும் திகதி, நேரம், வடிகட்டி எல்லாம் பதிவாகியிருக்கும். ஆனால் ஒரு பொருளுக்கே நூறு கிகாபைட் தாண்டும். ஹாட் டிஸ்க் நிரம்பினவுடன் முதலில் அழிபடுவதும் அதுதான். கடைசிப் படம் சமூக வலைத்தளத்தில் சுருக்கப்பட்டு மிஞ்சும். நண்டின் ஓரம் வருஷத்துக்கு ஐந்திலொரு பாகை-செக்கன் அளவில் நகர்கிறது. பத்து வருஷ இடைவெளியில் எடுத்த இரண்டு படத்தை வைத்து ஒரு ஆர்வலரே அந்த விரிவைக் காட்டலாம், காட்டியும் இருக்கிறார்கள். அதற்குப் பழைய படம் திகதியோடு கையில் இருக்க வேண்டும். 1909 இல் றிச்சி தகட்டை எடுத்தபோது நண்டு விரிகிறது என்று அவருக்குத் தெரியாது. தெய்காவுக்குச் சுப்பர்நோவா என்றால் என்னவென்றே தெரியாது. இரண்டு பேருடையதையும் பிறகு வந்த யாரோ எறியாமல் வைத்திருந்தார்கள்.

பிஏ 30 க்கு 2024 இல் இன்னொரு அளவீடு வந்தது. ஹவாயில் உள்ள கெக் தொலைநோக்கியால் அந்த வாணக்கோடுகள் ஒவ்வொன்றும் எங்களை நோக்கி, எங்களை விட்டு எவ்வளவு வேகத்தில் போகின்றன என்று அளந்து, எல்லாவற்றையும் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார்கள். வேகம் குறையாமல் ஓடியிருக்கிறது என்று எடுத்தால் வெடித்த வருஷம் 1152, முன்பின் 75 வருஷம் பிசகலாம். பத்து மீற்றர் அகலக் கண்ணாடியால் அதைவிடக் கிட்டப் போக முடியவில்லை. ஓகஸ்ட் 6 என்று சொல்வதும், விருந்தினர் விடுதியின் ஐந்தாவது வெள்ளிக்குப் பக்கத்தில் என்று சொல்வதும் இன்னும் அந்த ஏடுதான்.